ஒருமுறை ரத்தம் எடுத்த பிறகு லேபில் மறுபடியும் ஏன் கேட்கிறார்கள்?

"பென்னாகரத்திலிருந்து அம்மாவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். காலையில் எடுத்த ரத்தத்தை மதியம் மறுபடியும் கேட்டார்கள். தொலைத்துவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தர்மபுரி மாவட்டத்தில் அரசு மருத்துவமனை லேபில்தான் நானும் வேலை பார்க்கிறேன். தொலைவது அபூர்வம். பெரும்பாலும் ரத்தம் 'உடைந்து' போயிருக்கும். சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ டியூபைப் பலமாகக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்துவிடும். டியூபை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் சுற்றி எடுத்ததும், மேலே வைக்கோல் நிறத்தில் தெரிய வேண்டிய சீரம் என்ற தெளிந்த நீர் இளஞ்சிவப்பாக நிற்கும். அதை அப்படியே மெஷினில் ஓட்டினால் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். இல்லாத நோய்க்கு மருந்து ஏறும். அதற்கு இன்னொரு குத்து பரவாயில்லை.

ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்டுக்கான ஊதா மூடி டியூப் வேறு கதை. அதில் ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற ரசாயனம் இருக்கும். மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்துக் கலக்காவிட்டால் சின்னக் கட்டி விழும். தட்டணுக்கள் அதில் சிக்கி, எண்ணிக்கை குறைவாக வரும். டெங்கு சீசனில் அப்படியொரு ரிப்போர்ட் போனால் வீடே கலங்கிவிடும்.

சர்க்கரைக்குச் சாம்பல் மூடி. உள்ளே சோடியம் ஃபுளோரைடு. ஆமாம், நம்மூர் போர் தண்ணீரில் இருந்து பல்லைக் கறையாக்கும் அதே ஃபுளோரைடுதான். இங்கே அது அணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடாமல் தடுக்கிறது.

அடுத்த முறை மறுபடி கேட்டால், எந்த டெஸ்டுக்கு என்று தாராளமாகக் கேளுங்கள். சொல்வோம். வரிசை நீளமாக இருந்தால் கொஞ்சம் சுருக்கமாக.