மரவள்ளிக்கு விலை சொல்வது யார்?

கேள்வி: இரண்டு ஏக்கரில் மரவள்ளி பயிரிடுகிறேன். கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்கு அப்படியே கொடுக்காமல், நாங்களே சீவிக் காயவைத்து விற்றால் வருமானம் கூடுமா?
— வாசகர், ராசிபுரம்

பதில்: கூடும் வாய்ப்பு உண்டு, ஆனால் எடைக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். பச்சைக்கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், ஒரு கிலோ காய்ந்த வில்லைக்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ கிழங்கு போய்விடும். பச்சைக்கிழங்கு கிலோ எட்டு ரூபாய்க்கு விற்கும்போது, காய்ந்தது இருபத்து நான்கு ரூபாய்க்குப் போனாலும், தோல் உரிக்கும் கூலியையும் களத்துக் கூலியையும் கழித்தால் கைநஷ்டம்தான். காயும்போது ஒரு மழை பிடித்தால் வில்லையில் பூஞ்சை ஏறிவிடும்.

ஆயினும் இந்த வேலையால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் அவகாசமே என்பது என் கருத்து. பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் கிழங்கை வெட்டிப் பார்த்தால், வெள்ளைச் சதையில் கருநீலக் கோடுகள் ஓடியிருக்கும்; கிழங்கு கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதனால்தான் ஆலை வாசலில் 'பாயின்ட்' (கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவு) குறைவு என்று சொல்லப்படும்போது, வண்டியைத் திருப்பிக்கொண்டு வர விவசாயியால் முடிவதில்லை. ஆலைகளின் நிலை வேறு. 1981-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம், உறுப்பினர்களான ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் சரக்கைக் கிடங்கில் வைத்து விற்றுத் தருவதால், விலை இறங்கிய வாரத்தில் அவர்கள் பொறுத்திருக்கலாம். போதாக்குறைக்கு, அரைத்தபின் எஞ்சும் திப்பியும் மாட்டுத்தீவனமாக விலைபோகிறது. பாயின்ட்டைப் பார்த்துப் போடும் கிழங்கு விலையில் அதற்கு இடமில்லை.

விளைந்த கிழங்கைச் சில வாரங்கள் மண்ணிலேயே விட்டுவைப்பதும் ஒரு வழிதான். நார் ஏறும் என்பதோடு, வறட்சிக்குப் பின் மழை பெய்து புதுத்தளிர் விட்டால், சேர்ந்த மாவுச்சத்து அதற்கே செலவாகிப் பாயின்ட் இறங்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

ஆகவே, முழு விளைச்சலையும் வில்லையாக்க வேண்டாம். காய்ந்த வில்லையை வாங்கும் தீவன ஆலை எதுவாயினும், எத்தனை சதவீத ஈரப்பதம் வரை ஏற்பார்கள், என்ன விலை தருவார்கள் என்று கேட்டறிந்த பிறகு, ஜவ்வரிசி ஆலையின் கிழங்கு விலை படுத்துக் கிடக்கும் நாளில் கால் பங்கை மட்டும் வெயில் காலத்தில் காயவையுங்கள். சீவும் இயந்திரத்தைத் தனியாக வாங்காமல், அக்கம்பக்கத்து விவசாயிகள் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கினால் செலவு தாங்கும்.