தூசி படிந்த பிஎஸ்3, பிஎஸ்4: லினக்ஸ் போட்டால் கணினி ஆகுமா?

கேள்வி: என்னிடம் சோனியின் பிளேஸ்டேஷன் கேம் கன்சோல்கள் இரண்டு இருக்கின்றன: முதல் தலைமுறைப் பெரிய பிஎஸ்3 ஒன்றும் பிஎஸ்4 ஸ்லிம் ஒன்றும். இப்போது அவற்றில் யாரும் அவ்வளவாக விளையாடுவதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்கு புரோகிராமிங் பழகவும் இணையம் பார்க்கவும் ஒரு கணினியாக மாற்ற முடியுமா? எப்போதாவது கேம் ஆடத் தோன்றினால் அதுவும் வேலை செய்ய வேண்டும். ஃபார்ம்வேரை அப்டேட் செய்துவிட்டு ஆரம்பிக்கலாமா?

பதில்: கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்டேட் செய்யவே செய்யாதீர்கள். இரண்டு பெட்டிகளிலிருந்தும் இணையத்தை இப்போதே துண்டித்துவிடுங்கள். புதிய பதிப்பு என்றாலே நல்லது என்று கணினியில் பழகிவிட்ட நமக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் இன்று இந்தக் கன்சோல்களில் லினக்ஸ் ஓடுவது ஃபார்ம்வேரில், அதாவது பெட்டியோடு வரும் சோனியின் மென்பொருளில், விட்டுப்போன பாதுகாப்பு ஓட்டைகளின் புண்ணியத்தில்தான். ஒவ்வோர் அப்டேட்டும் அவற்றில் சிலவற்றை அடைத்துவிடும். பிஎஸ்4-ல் பதிப்பு ஒருமுறை ஏறிவிட்டால் சாதாரணப் பயனர் அதைக் கீழே இறக்க முடியாது. ஆகவே உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே, ஒரு செட்டிங்ஸ் திரையில் இருக்கிறது.

பிஎஸ்4-ஐ எடுத்துக்கொள்வோம், உங்கள் தேவைக்குக் கொஞ்சமாவது பொருந்துவது அதுதான். செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று போய் அங்கே தெரியும் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 5.05, 6.72, 9.00, 11.00 ஆகியவை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான எண்கள். 9.00-க்குத் தனியாகத் தயாரித்த ஒரு யூஎஸ்பி டிரைவைச் சரியான நேரத்தில் செருக வேண்டியிருக்கும். 11.00-க்கு லேன் கேபிள் வழியாக இன்னொரு கணினியைக் கோத்து உள்ளே நுழைகிறார்கள். அதற்குப் பிந்தைய சில பதிப்புகளுக்கும் வழிகள் வந்துள்ளன. உங்கள் எண் எதற்கும் இதுவரை வழி இல்லை என்றால் பெட்டியை அப்படியே வைத்துவிடுங்கள். எந்தப் பதிப்பையும் திறந்து தருகிறேன், காசு கொடு என்று கேட்கும் யாரையும் நம்பாதீர்கள்.

எண் பொருந்தினாலும், உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) யூஎஸ்பியில் எழுதிச் செருகி பூட் செய்வதுபோல இது நடக்காது. பிஎஸ்4-ன் உள்ளே இருப்பது ஏஎம்டி தயாரித்த எட்டு கோர் ஜாகுவார் செயலி, 8 ஜிபி ஜிடிடிஆர்5 நினைவகம். கேட்டால் கணினி மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் பவர் போட்டதும் கணினியை எழுப்பும் பயாஸ் கிடையாது, கணினிகளில் வழக்கமாக இருக்கும் பழைய டைமர்கூடக் கிடையாது, யூஎஸ்பி, லேன் போன்றவற்றைக் கவனிக்கும் சவுத்பிரிட்ஜ் சில்லும் வேறு மாதிரி. 2015 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில், கன்சோல்களின் பூட்டை உடைத்து ஆராயும் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழு பிஎஸ்4-ல் லினக்ஸை ஓட்டிக் காட்டியபோது, பேச்சில் பெரும்பகுதி இந்தக் கிறுக்குத்தனங்களைப் பற்றித்தான். அதனால் பிஎஸ்4-க்கென்று திருத்தப்பட்ட கெர்னல், அதாவது லினக்ஸின் மையக்கரு, கட்டாயம் வேண்டும். அதிலும் ஏயோலியா, பெலிஸ், பைகால் என சவுத்பிரிட்ஜில் மூன்று வகை. உங்கள் பெட்டியில் எது என்று மாடல் எண்ணை வைத்து முதலில் தெரிந்துகொண்டு, அதற்கான கெர்னலையே இறக்குங்கள். மூன்றில் அதிகம் படுத்துவது பைகால்தான், பிற்கால ஸ்லிம்களில் அது இருக்க வாய்ப்புண்டு. தவறான கெர்னலைப் போட்டால் பெட்டி கெட்டுப்போகாது. கறுப்புத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஏன் கெட்டுப்போகாது? பிஎஸ்4-ன் சொந்த இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஓட்டை வழியாக நுழைந்து, லினக்ஸ் கெர்னலை நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கைத் தொடவே தேவையில்லை. பெட்டியை முழுதாக நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் பழைய பிஎஸ்4 திரை, பழைய கேம்கள், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். உங்கள் இரண்டாவது நிபந்தனை இதனால் தானாகவே நிறைவேறிவிடுகிறது. இதன் மறுபக்கம், ஒவ்வொரு முறை பவர் போடும்போதும் அதே சடங்கை ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும். சில சமயம் முதல் முயற்சியில் நுழைய முடியாமல் பெட்டி அணைந்துவிடும், அடுத்த முறை போடும்போது டிஸ்க்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் எழும். அவசரமாக அசைன்மென்ட் முடிக்க வேண்டிய பிள்ளைக்கு இது பொறுமையைச் சோதிக்கும் விஷயம்.

செய்வதென்று முடிவெடுத்தால் இந்த வரிசையில் போங்கள். சிஸ்டம் மெனுவில் ஆட்டோமேட்டிக் டவுன்லோட்ஸ் பகுதியில் சிஸ்டம் மென்பொருளுக்கான குறியை எடுத்துவிடுங்கள். கேம் சேமிப்புகளை யூஎஸ்பிக்கு நகலெடுங்கள். அடுத்து ஒரு வெளி எஸ்எஸ்டி. பென்டிரைவில் முயல வேண்டாம். இயங்குதளம் முழுவதும் அதிலிருந்தே ஓடப்போகிறது, பென்டிரைவ் என்றால் ஒவ்வொரு கிளிக்குக்கும் காத்திருப்பீர்கள். எஸ்எஸ்டியை இன்னொரு கணினியில் மாட்டி, முதலில் ஃபேட்32 வடிவில் ஒரு சிறிய பகுதி, மீதியை எக்ஸ்ட்4 வடிவில் ஒரு பகுதி என்று பிரியுங்கள். கெர்னல் கோப்பும், அதோடு வரும், பூட் ஆகும்போது முதலில் தேவைப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் சிறிய பகுதியில் போகும். லினக்ஸ் விநியோகம் பெரிய பகுதியில் விரியும். பிறகு கன்சோலில் ஓட்டை வழி நுழைந்து, லினக்ஸ் லோடர் எனப்படும் சின்ன நிரலை அனுப்ப வேண்டும். லோடர்கள் வீடியோ நினைவகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதைப் பொறுத்து 1 ஜிபி, 2 ஜிபி என்று தனித்தனியாகக் கிடைக்கும். 8 ஜிபியும் செயலிக்கும் கிராபிக்ஸுக்கும் பொது என்பதால், எழுதவும் படிக்கவும் மட்டும்தான் என்றால் 1 ஜிபியே போதும். மீதியை பிரவுசருக்கு விட்டுவிடலாம், அது எவ்வளவு கொடுத்தாலும் தின்னும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: ஸ்லிம்மில் யூஎஸ்பி துளைகள் இரண்டே இரண்டு. எஸ்எஸ்டிக்கு ஒன்று போனால் கீபோர்டு, மவுஸ் இரண்டுக்கும் சேர்த்து மிச்சம் ஒன்று. ஒரே டாங்கிளில் இரண்டும் இயங்கும் ஒயர்லெஸ் ஜோடியோ, ஒரு ஹப்போ முன்பே எடுத்து வையுங்கள். லினக்ஸில் வைஃபை எல்லா மாடலிலும் சரியாக எழும் என்று எண்ண வேண்டாம், லேன் கேபிள் தயாராக இருக்கட்டும். லோடர் ஓடியும் படம் வரவில்லை என்றால், பிஎஸ்4-ன் வீடியோ அமைப்பை 1080பி என்று நிலைநிறுத்திவிட்டு, வேறு டிவி அல்லது மானிட்டரில் எச்டிஎம்ஐ கேபிளை நேராகச் செருகிப் பாருங்கள். இடையில் டிவிஐ அடாப்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் கிடைப்பது என்ன? பைத்தான், சி எழுதலாம், டெர்மினல் பழகலாம், டெஸ்க்டாப் நன்றாகவே ஓடும். கிராபிக்ஸ் முடுக்கமும் உண்டு. ஜாகுவார் கோர்கள் 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பலவீனம். பிரவுசரில் கனமான தளங்களைத் திறந்தால் அது தெரிந்துவிடும்.

பிஎஸ்3 வேறு கதை. எனக்கு அதன் மேல் பிரியம் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2006-ல் அது வெளிவந்தபோது, லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று சோனியே வழி கொடுத்திருந்தது. அதர்ஓஎஸ் என்று பெயர். செட்டிங்ஸ் மெனுவிலேயே இன்னொரு இயங்குதளத்தை நிறுவும் வரி இருந்தது. டிஸ்க்கைப் பிரிக்கும்போது இரண்டே தேர்வுகள் தரும்: 10 ஜிபி லினக்ஸுக்கு, மீதி கேமுக்கு, அல்லது 10 ஜிபி கேமுக்கு, மீதி லினக்ஸுக்கு. எதைத் தேர்ந்தாலும் இருந்த தரவு முழுவதும் அழியும். யெல்லோ டாக், ஃபெடோரா, உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் எல்லாம் அதில் ஓடின. அமெரிக்க விமானப்படை 1,760 பிஎஸ்3-களைக் கோத்து 2010-ல் கான்டார் என்ற சூப்பர் கணினியையே கட்டியது. 2009-ல் வந்த ஸ்லிம் மாடலில் சோனி இந்த வசதியைத் தரவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த 3.21 ஃபார்ம்வேர் பழைய பெட்டிகளிலிருந்தும் அதைப் பிடுங்கிவிட்டது. அப்டேட் செய்யாவிட்டால் சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைய முடியாது, செய்தால் லினக்ஸ் போய்விடும். வாங்கும்போது இருந்த வசதியைப் பிறகு பறித்ததற்காக அமெரிக்காவில் வழக்கு நடந்து, பல வருடம் இழுத்து, சமரசத்தில் முடிந்தது.

உங்கள் பெட்டி அந்தக் காலத்தது. அதிர்ஷ்டவசமாக அதில் 3.15 அல்லது அதற்கு முந்தைய பதிப்பே இருந்தால் அந்த அதிகாரபூர்வ மெனு இன்னும் உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட பெட்டி அபூர்வம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 4-ல் தொடங்கும் எண்தான் இருக்கும். அப்போது சோனி தராத, ஆர்வலர்கள் திருத்திய தனிப்பயன் ஃபார்ம்வேர் போட்டு, அதர்ஓஎஸ் பிளஸ் பிளஸ் எனப்படும் சமூக வடிவத்தை நிறுவ வேண்டும். பின்புற லேபிளில் உள்ள மாடல் எண்ணைப் பாருங்கள். எல்லாப் பெரிய மாடல்களிலும், ஸ்லிம்களில் 2000, 2100 வரிசைகளிலும், 2500-ல் பெரும்பாலானவற்றிலும் இது முடியும். 3000 வரிசையிலும் சூப்பர் ஸ்லிம்மிலும் மென்பொருளால் மட்டும் முடியாது. அவற்றுக்குக் கிடைக்கும் ஹென் என்ற மென்பொருள், இயங்குதளத்துக்கும் அடியில் இருந்து வன்பொருளைக் காக்கும் ஹைப்பர்வைசர் வரை இறங்குவதில்லை.

பிஎஸ்4 போலன்றி, இங்கே பெட்டியின் ஃப்ளாஷ் சில்லிலேயே எழுதுகிறீர்கள். எழுதும்போது மின்சாரம் போனால் பெட்டி செங்கல்தான். யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். எழுதும் முன் ஃப்ளாஷின் நகலை எடுத்து, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். கேம் சேமிப்புகளுக்கு பேக்கப் யூட்டிலிட்டி இருக்கிறது. வெளி டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால்தான் அது ஏற்கும். நகல் தடை உள்ள சேமிப்புகள் அதே பெட்டியில் மட்டுமே திரும்ப ஏறும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டி நகலெடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சாவியால் அது மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

சரி, போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பிஎஸ்3-ல் இணையம் பார்ப்பதை மறந்துவிடுங்கள். முதன்மை நினைவகம் 256 எம்பி, கிராபிக்ஸுக்குத் தனியாக 256 எம்பி. சோனி வழி கொடுத்த காலத்திலேயே ஹைப்பர்வைசர் லினக்ஸை ஆர்எஸ்எக்ஸ் கிராபிக்ஸ் சில்லை நெருங்கவிடவில்லை. ஆகவே படம் வரையும் வேலை முழுவதும் செயலியின் தலையில். சும்மா கிடக்கும் வீடியோ நினைவகத்தை என்ன செய்வது என்று யோசித்தவர்கள், அதை ஸ்வாப் இடமாக, அதாவது நினைவகம் பற்றாதபோது உதவும் கூடுதல் இடமாக, பயன்படுத்த ஒரு டிரைவர் எழுதினார்கள். லினக்ஸ் ஆட்களின் சிக்கனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனாலும் இன்றைய ஒரு செய்தித் தளத்தைத் திறக்க அதுவும் பற்றாது. அதோடு செயலி பவர்பிசி வகை, வழக்கமான கணினிகளின் இன்டெல், ஏஎம்டி செயலிகளிலிருந்து வேறானது. குரோமின் அதிகாரபூர்வ வெளியீடு அதற்குக் கிடையாது. உபுண்டு தன் 17.04 பதிப்பில் 32-பிட் பவர்பிசியைக் கைவிட்டது, டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகை 2017-ல் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மிச்சமிருப்பது ஆர்வலர்கள் பராமரிக்கும் பதிப்புகள்தான்.

பிறகு எதற்கு அது என்றால், செல் செயலிக்காக. ஒரு முதன்மைக் கோர், அதோடு எஸ்பிஈ எனப்படும் துணைக் கோர்கள். லினக்ஸுக்கு அவற்றில் ஆறு கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக 256 கேபி நினைவகம் மட்டும். தரவு வேண்டுமென்றால் முதன்மை நினைவகத்திலிருந்து நீங்களே கட்டளையிட்டு எடுத்துவர வேண்டும், வேலை முடிந்ததும் நீங்களே திருப்பி அனுப்ப வேண்டும். வழக்கமான செயலிகளில் கேஷ் என்ற இடைநினைவகம் சத்தமில்லாமல் செய்துவிடும் காரியத்தை இங்கே கையால் செய்து பழகினால், நினைவகம் எப்படி இயங்குகிறது என்பது நன்றாகப் பிடிபடும். உங்கள் மகள் கணினி அறிவியல் படிப்பவராக, அதிலும் இந்த மாதிரி அடிமட்ட விஷயங்களில் கிறுக்குப் பிடித்தவராக இருந்தால், ஒரு விடுமுறை முழுக்க இதில் போகும். ஒரு எச்சரிக்கை: எஸ்பிஈக்கான ஆதரவை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் தன் 10-ஆம் பதிப்பில் நீக்கிவிட்டது. பழைய கம்பைலரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். முதல் தலைமுறை பிஎஸ்3 கேம் ஓடும்போது 200 வாட்டை நெருங்கும். ராஸ்பெர்ரி பை 4 போன்ற சின்னப் பலகை 10 வாட்டுக்குள் அடங்கிவிடும். அதில் 8 ஜிபி நினைவகம் வரை கிடைக்கும், எந்த ஓட்டையையும் தேட வேண்டியதில்லை, பவர் போட்டால் லினக்ஸ் வந்து நிற்கும். தினசரி படிப்புக்கு ஒரு கணினி வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் என் சிபாரிசு அதுவோ, ஒரு பழைய மடிக்கணினியோதான். பிஎஸ்4 பதிப்பு எண் பொருந்தி, சடங்குகளைச் செய்யப் பொறுமையும் இருந்தால் அதை இரண்டாவது கணினியாக வைத்துக்கொள்ளலாம். பிஎஸ்3-ஐ ஆராய்ச்சிப் பொருளாக மட்டும் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். இப்படித் திறந்த கன்சோலோடு பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைந்தால் கணக்கையோ பெட்டியையோ தடைசெய்ய சோனியின் விதிகளில் இடமுண்டு. கணக்கில் காசு கொடுத்து வாங்கிய கேம்கள் இருந்தால், இந்தப் பெட்டியை நிரந்தரமாக ஆஃப்லைனில் வைக்கத் தயாரா என்று முதலில் முடிவு செய்யுங்கள். உத்தரவாதம் இன்னும் மிச்சமிருந்தால் அதுவும் போகும். பூட்டைத் திறப்பது குறித்த சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது, உங்கள் நாட்டில் நிலவரம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருட்டு கேம் போடுவது எப்படி என்று அடுத்த கடிதம் மட்டும் எழுதாதீர்கள், அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

இப்போதைக்கு லேன் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்துவிட்டு, இரண்டு பெட்டிகளின் மாடல் எண்ணையும் ஃபார்ம்வேர் எண்ணையும் ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். புதிய கேம் டிஸ்க் எதையாவது போட்டு அது அப்டேட் கேட்டால், சம்மதம் கொடுக்காமல் டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள்.