கரண்ட் சைக்கிளும் எம்எஸ்ஸும்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

போன வாரம் எம்எஸ், அதாவது மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் பற்றிப் பேசியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஓய்வு பெற்ற பிசியோ என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து மாத்திரை பற்றி நரம்பு டாக்டரைக் கேளுங்கள்.

தம்பிக்கு எம்எஸ், கால் வரவில்லை. கரண்ட் வைத்தால் சைக்கிள் மிதிக்க முடியுமாமே?

முடியும். எம்எஸ் கெடுப்பது மூளையையும் தண்டுவடத்தையும். அங்கிருந்து தசைக்குப் போகிற கடைசி நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தோட்டத்தில் ஆட்களை ஏவுகிற மண்டோருக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஆனால் ஆட்கள் லயத்து வீடுகளில் தயாராகத்தான் இருக்கிறார்கள், அந்த மாதிரி. தொடையின் முன்னும் பின்னும், பிட்டத்திலும் கரண்ட் பாய்ச்சும் பட்டைகள் ஒட்டுவோம். பெடல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து இயந்திரம் அந்தந்தத் தசைக்குத் துடிப்பு அனுப்பும், நொடிக்கு 30 முதல் 50 வரை. முதலில் எறும்பு ஊர்வது போலிருக்கும், அப்புறம் தொடை தானாக இறுகும். தண்டுவடம் முழுதாக அறுந்தவருக்கு வலி தெரியாது. தம்பிக்குத் தெரியும், அதனால் அவர் தாங்குகிற அளவுக்குத்தான் கரண்ட். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். மதிய வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

நோய் குணமாகுமா?

ஆகாது.

ஏன் மதியம் வேண்டாம்?

எம்எஸ்ஸில் நரம்பின் மேலுறை சிதைந்துவிடும். அப்படிச் சிதைந்த நரம்பு, உடம்பு சூடானால் செய்தியைச் சரியாகக் கடத்தாது. கண் மங்கும், கால் தளரும். 1890இல் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் எழுதி வைத்தது. உடம்பு குளிர்ந்தால் சரியாகிவிடும். மின்விசிறி, ஈரத் துண்டு, ஐஸ் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய மசாஜ் பெட்டி போதுமா?

போதாது. அது வலிக்கு.

நான் செம்பனைத் தோட்டத்து மண்டோர். கரண்ட் மிதிக்குது, ஆள் சும்மா உட்கார்ந்திருக்கார். இதுவா உடற்பயிற்சி?

அண்ணே, மோட்டார் காலைச் சுற்றிவிட்டால் நீங்கள் சொல்வது சரி. இங்கே சுருங்குவது அவருடைய தசை. அது ஆக்சிஜன் கேட்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும்.

அப்போ எனக்கும் ஒட்டுங்க, நடக்காமலே உடம்பு தேறட்டும்!

நடக்க முடிந்தவர் நடங்கள். நாமாகச் செய்யும்போது தசை நார்கள் முறை போட்டு வேலை பார்க்கும். கரண்ட் எல்லாரையும் ஒரே பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கு வரிசையில் நிறுத்தி, ஒரே நேரத்தில் விரட்டும். அதனால் சீக்கிரம் களைத்துவிடும். மண்டோருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நான் சொன்னதற்குத்தான் உங்களுக்கு இந்தக் கோபம் என்று தெரிகிறது.

வாரத்துக்கு எத்தனை தடவை?

லேசான, நடுத்தர எம்எஸ் உள்ளவருக்குப் பொதுவான அறிவுரை: வாரம் இரண்டு நாள், 30 நிமிடம், மிதமாக மூச்சு வாங்க வைக்கும் உடற்பயிற்சி. கால் வராதவருக்கு அது அப்படியே பொருந்தாது. மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

பேஸ்மேக்கர் வைத்தவர்? கர்ப்பிணி?

கூடாது. காலில் ரத்தக்கட்டி, ஆறாத புண் இருந்தாலும் கூடாது. வலிப்பு, எலும்பு மெலிவு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மதியம் இரண்டு மணிக்குத்தான் எனக்கு நேரம்…

மேலே எழுதியதைப் படியுங்கள். மதியம் வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதியாயிற்று.

மண்டோர்தான் மறுபடியும். சரி, ஒரு தடவை என் தொடையில ஒட்டிக் காட்டுவீங்களா?

என்னிடம் சைக்கிள் இல்லை, துடிப்புப் பெட்டி மட்டும் இருக்கிறது. பேஸ்மேக்கர் இல்லையென்றால் வாங்க அண்ணே. காலை எட்டு மணிக்கு, அரைக்கால் சட்டையோடு.