‘ஆண்டுகொள்ளுங்கள்’: ஒரு தமிழ்ச் சொல், இரண்டு எபிரேயச் சொற்கள்

கேள்வி: எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் திரியும் பூனைகளுக்கு நான் நாள்தோறும் உணவு வைக்கிறேன். சென்ற மாத வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் அதைக் குறை கூறி, ஆதியாகமம் 1:28-இல் விலங்குகளை ‘ஆண்டுகொள்ளுங்கள்’ என்று தேவன் சொன்னதற்கு எபிரேயத்தில் ‘மிதித்து அடக்குங்கள்’ என்பதே பொருள் என்றார். மனைவியிடம் 3:16-இல் ‘அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்’ என்று சொல்லப்படுவதும் அதே சொல்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். இவை சரியா?
— வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; அதற்குத் தீர்மானமான விடை உண்டு. அவை ஒரே சொல் அல்ல. பிள்ளைப் பருவம் முதல் நம்மில் பலர் படித்துவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டு இடங்களிலும் ‘ஆண்டுகொள்’ என்ற ஒரே வினையைப் பயன்படுத்தியிருப்பதால் வந்த மயக்கம் அது. எபிரேயத்தில் 1:28-இல் இருப்பது ‘ராதா’ என்னும் வினை. 3:16-இல் இருப்பது ‘மாஷல்’. நம் வீட்டுப் பெண்களின் பெயருக்கும் முதற்சொல்லுக்கும் எந்த உறவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முன்பு ஒரு வாசகர் அதையும் கேட்டிருந்தார்.

‘மாஷல்’ என்பது எபிரேய வேதத்தில் ஏறத்தாழ 80 இடங்களில் வரும் பொதுச்சொல். பகலை ஆளப் பெரிய சுடரும் இரவை ஆளச் சிறிய சுடரும் படைக்கப்பட்டன என்னும்போது அங்கே நிற்பது இந்த வேரிலிருந்து வந்த பெயர்ச்சொல்தான். சூரியன் பகலைச் சாட்டையால் அடிப்பதில்லை. எகிப்து முழுவதற்கும் அதிபதியானபோது யோசேப்புக்குக் கிடைத்த பட்டமும் இதே வேர். ‘நான் உங்களை ஆளமாட்டேன், என் குமாரனும் உங்களை ஆளமாட்டான், கர்த்தரே உங்களை ஆளுவாராக’ என்று கிதியோன் சொன்ன மூன்று ‘ஆளுதலும்’ இதுவே. நீதிமொழிகள் 16:32-இல் ‘தன் மனதை அடக்குகிறவன்’ என்று தமிழில் இருப்பது எபிரேயத்தில் ‘தன் ஆவியை ஆளுகிறவன்’. சுடர், மந்திரி, கடவுள், மனத்தைக் கட்டியவன் ஆகிய நால்வருக்கும் பொருந்தும் ஒரு சொல்லில் கொடுமை உள்ளடங்கியிருக்கிறது என்று வாதிப்பது கடினம். கொடுமையா காவலா என்பதை ஆளுகிறவனும் சூழலுமே தீர்மானிக்கின்றன.

3:16-இன் சூழல் சாபப் பட்டியல். முள், குருக்கு, பிரசவ வேதனை, முகத்தின் வேர்வை ஆகியவற்றின் நடுவில்தான் அந்த வாக்கியம் நிற்கிறது. வேர்வையால் ஆகாரம் புசிப்பாய் என்று எழுதியிருப்பதால் ஏர்கான் போட்டுக்கொள்வது கீழ்ப்படியாமை என்று நம் தீவில் இதுவரை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அதே பட்டியலிலிருந்து ஒரு வரியை மட்டும் கட்டளையாக எடுத்துக்கொள்வது ஏன் என்று உங்கள் கூட்டத்தாரைத்தான் கேட்க வேண்டும். அடுத்த அதிகாரத்தில் 4:7-ஐயும் பாருங்கள். ‘ஆசை’, ‘ஆளுதல்’ என்ற அதே இரண்டு எபிரேயச் சொற்கள் அதே வரிசையில் காயீனிடம் சொல்லப்படுகின்றன. பழைய மொழிபெயர்ப்பில் ‘அவன் ஆசை உன்னைப் பற்றியிருக்கும், நீ அவனை ஆண்டுகொள்ளுவாய்’ என்று இருப்பதால் ‘அவன்’ என்பது தம்பி ஆபேலைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. ஆனால் எபிரேயத்தை வாசிப்போரில் பலர், அதற்கு முந்தின வரியில் வாசற்படியில் படுத்திருக்கும் பாவத்தையே அது சுட்டுகிறது என்று கொள்கின்றனர். அப்படிக் கொண்டால் காயீன் ஆளவேண்டியது தன் வாசலில் பதுங்கியிருக்கும் ஒன்றை.

இனி ‘ராதா’. இதில்தான் உங்கள் நண்பர் பாதி சரி. இது ‘மாஷலை’விட வலிய சொல், எதிரிகளின் நடுவே அரசன் ஆளுவதற்கும் வேலையாட்களின்மேல் மேற்பார்வையாளன் நிற்பதற்கும் அடிக்கடி வருவது. சாலொமோன் ஆலயம் கட்டியபோது வேலைசெய்த ஜனத்தின்மேல் 3,300 விசாரிப்புக்காரர் இருந்தார்கள் என்று 1 இராஜாக்கள் 5:16 கூறுமிடத்தில் இதே வினை இருக்கிறது. நம் தாத்தாமார் தோட்டத்தில் பார்த்த கங்காணியையும், இன்று கட்டுமானத் தளத்தில் தலைக்கவசத்தோடு நின்று குரல்கொடுக்கும் சூப்பர்வைசரையும் நினைத்துக்கொண்டால் இச்சொல்லின் தொனி பிடிபடும். நல்ல கங்காணியும் உண்டு, கெட்ட கங்காணியும் உண்டு.

அதற்குச் சான்று நியாயப்பிரமாணத்திலேயே இருக்கிறது. வறுமையால் தன்னை விற்றுக்கொண்ட சகோதரனைக் குறித்து லேவியராகமம் 25:43, ‘நீ அவனைக் கொடூரமாய் ஆளாமல், உன் தேவனுக்குப் பயந்திரு’ என்கிறது. ‘ஆளாமல்’ என்பது ‘ராதா’. ‘கொடூரமாய்’ என்பது ‘பெரெக்’ என்ற தனிச்சொல், எகிப்தியர் இஸ்ரவேலரைக் கொடுமையாய் வேலைவாங்கினதைச் சொல்ல யாத்திராகமத்தின் முதல் அதிகாரம் பயன்படுத்தும் அதே சொல். ‘ராதா’வுக்குள்ளேயே கொடூரம் இருந்தால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டிய தேவை என்ன? எசேக்கியேல் 34:4-இல் மேய்ப்பர்கள் கண்டிக்கப்படுவதும் இவ்விதமே. எலும்பு முறிந்ததற்குக் காயங்கட்டாமலும் காணாமற்போனதைத் தேடாமலும் ‘பலாத்காரமும் கடூரமுமாய்’ ஆண்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. ஆண்டது குற்றமென்று தீர்க்கதரிசி சொல்லவில்லை.

‘மிதித்தல்’ எங்கிருந்து வந்தது? யோவேல் 3:13-இல் திராட்சை ஆலை நிரம்பியிருக்கிறது என்னும் இடத்தில் வரும் ஒரு வினையைச் சில அகராதிகள் ‘ராதா’ என்று எடுத்து ‘மிதியுங்கள்’ என்று பொருள் தந்தன. ஆனால் அதே எழுத்துகளை ‘இறங்கு’ என்னும் வேறொரு வினையாகவும் படிக்க முடியும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘வந்து இறங்குங்கள்’ என்றே கொண்டது. இந்த ஒலி நெருக்கத்தை 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி அழகாகப் பயன்படுத்தினார். மனிதன் தகுதியோடு நடந்தால் விலங்குகளை ஆளுவான், தகுதி இழந்தால் அவற்றுக்குக் கீழே இறங்கிப்போவான் என்பது 1:26-க்கு அவர் தந்த உரை.

மிதித்தல்தான் வேர்ப்பொருள் என்றே வைத்துக்கொண்டாலும், வேரைத் தோண்டிப் பொருளைத் தீர்மானிப்பது ஆபத்தான பழக்கம். பழந்தமிழில் ‘கழகம்’ என்பது சூதாடும் இடத்துக்கும் பெயராக வழங்கியது. அதற்காக வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்குப் போய் யாரும் தாயக்கட்டையைத் தேடுவதில்லை. ஆதியாகமத்தின் ‘ராதா’வை அளக்க அடுத்த வசனமே போதும். 1:29-இல் மனிதனுக்கு ஆகாரமாகக் கொடுக்கப்படுவன விதையுள்ள பூண்டுகளும் கனிதரும் மரங்களும் மட்டுமே. இறைச்சிக்கு அனுமதி ஜலப்பிரளயத்துக்குப் பின் 9:3-இல்தான் வருகிறது. ஆளலாம், ஆனால் தின்னக்கூடாது என்றிருந்த அந்த ஆளுகையை மிதித்தல் என்று எப்படிச் சொல்வது?

ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது. அதே வசனத்தில் பூமியைக் ‘கீழ்ப்படுத்தி’ என்பதற்கு உள்ள ‘காபஷ்’ உண்மையிலேயே கடுமையான சொல். தேசங்களை வெல்வதற்கும் மனிதரை அடிமையாக்குவதற்கும் வருவது. அதை மென்மையாக்க முயலும் விளக்கங்கள் எனக்கு ஒட்டவில்லை. எனினும் அங்கே அதன் செயப்படுபொருள் நிலம், விலங்குகள் அல்ல. அடுத்த அதிகாரத்தில் 2:15 ஏதேன் தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ சொல்கிறது. அங்கே ‘பண்படுத்த’ என்பதற்கு உள்ள எபிரேய வினை, பிற இடங்களில் ஊழியஞ்செய்வதைக் குறிப்பது. உங்கள் பூனைகளுக்கு எதிராக இந்த வசனத்தில் ஒன்றும் இல்லை.

கேள்வி: நீதிமொழிகள் புத்தகத்தின் எபிரேயப் பெயரிலும் ‘மாஷல்’ இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆளுவதற்கும் பழமொழிக்கும் என்ன தொடர்பு?
— வாசகர், ஜூரோங்

பதில்: எழுத்தில் ஒன்று, பிறப்பில் வேறு என்பதே பெரும்பாலோர் கருத்து. நம் ‘ஆறு’ நதியையும் எண்ணையும் குறிப்பதுபோல. பழமொழி, உவமை ஆகியவற்றைக் குறிக்கும் ‘மாஷல்’ ‘ஒத்திருத்தல்’ என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. அதன் அரபு உறவிலிருந்து மலாய்க்கு வந்த ‘மிசல்’ நமக்கு நன்றாகத் தெரிந்த சொல். ‘மிசல்ஞா’ என்று மலாய் நண்பர் ‘உதாரணமாக’ என்ற பொருளில் சொல்லும்போதெல்லாம் இந்த வேரைத்தான் உச்சரிக்கிறார்.

எபிரேயர்கள் இந்த ஒலி ஒற்றுமையை அறியாதவர்கள் அல்லர். ஏசாயா 28:14-இல் எருசலேம் ஜனத்தின் ‘மோஷ்லே’ என்று வருவது ஆளுகிறவர்களா, பழமொழி கட்டிப் பரியாசம் பண்ணுகிறவர்களா என்று இரண்டு விதமாகவும் படிக்கலாம். தீர்க்கதரிசி வேண்டுமென்றே சிலேடையாகச் சொன்னார் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: சிம்சோன் தேன் எடுத்த கதையில் ‘ராதா’ வருகிறதாமே?
— வாசகர், பொங்கோல்

பதில்: வருகிறது. நியாயாதிபதிகள் 14:9-இல் செத்த சிங்கத்தின் உடலிலிருந்து அவன் தேனைக் கைகளில் வழித்தெடுக்கிறான். அங்கே அதே மூன்று எழுத்துகள். இது ‘வழித்தெடு, பெயர்த்தெடு’ என்னும் பொருளுடைய வேறு வினை என்று அகராதிகள் பிரித்து வைக்கின்றன. ரபிமார்களின் (யூத மத ஆசிரியர்களின்) எபிரேயத்தில் அடுப்புச் சுவரில் ஒட்டிய ரொட்டியைப் பெயர்ப்பதற்கும் இது வழங்கியது. அந்த அடுப்புக்கு அவர்கள் சொன்ன பெயர் ‘தன்னூர்’, சிராங்கூன் சாலைக் கடைகளில் ‘நான்’ ரொட்டி சுடும் ‘தந்தூர்’ அடுப்புக்கு உறவுச்சொல். இன்றும் இஸ்ரேலில் தேன்கூட்டிலிருந்து தேன் எடுப்பதை இந்த வினையால்தான் சொல்கிறார்கள்.