தடி லாரி ஏறிய விதம்

அன்புள்ள ஐயா,

கேரள எல்லையை ஒட்டிய புளியரையிலிருந்து எழுதுகிறேன், பள்ளி ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கி வருகிறேன். அதில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று மலைப்பாதையில் 'லம்பர்ட் அப்' என்று வருகிறது. 'லம்பர்' என்றால் மரம் என்று நினைத்து, 'தடி லாரி மலை ஏறியது' என்று எழுதினேன். அகராதியைப் பார்த்தபின் 'லாரி ஆடி அசைந்து ஏறியது' என்று திருத்தினேன். அதுவும் ஒட்டவில்லை. எங்கே தவறுகிறேன்?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

புளியரையில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை மரம் என்று படித்ததில் வியப்பில்லை. ஆரியங்காவு வழியாக ரப்பர் மரம் ஏற்றி இறங்கும் லாரியை, மலையாளத்தைப் பின்பற்றி, செங்கோட்டையில் நாங்களும் 'தடி லாரி' என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் 'லம்பர்' என்பது ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கும் இரண்டு சொற்கள். பெயர்ச்சொல், 16-ஆம் நூற்றாண்டில், மூலையில் ஒதுக்கிப் போட்ட பழைய தட்டுமுட்டுச் சாமான்களைக் குறித்தது. அறுத்த மரம் என்ற பொருள் அமெரிக்கக் குடியேற்றங்களில் 17-ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது. வினைச்சொல் இவற்றுக்கெல்லாம் மூத்தது. அது ஸ்காண்டிநேவிய மொழிகளின் வழியாக வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கருத்து; ஸ்வீடன் நாட்டு வட்டார வழக்கில் 'லோமா' என்றால் கனத்து நடப்பது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் தற்செயலாக அருகருகே வந்து நின்ற இரண்டு பொருள்களும் மலையாளத்தின் 'தடி' என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அங்கே தடி என்றால் மரம், உடம்பின் பருமனும் தடிதான். நம் 'தடியன்' மட்டும் என்ன?

இனி வினைக்கு வருகிறேன். அதில் மூன்று செய்திகள் பிணைந்திருக்கின்றன: பாரம், மந்தம், நளினமின்மை. நத்தை மெதுவாகத்தான் போகிறது, ஆனாலும் அதற்கு இந்த வினை பொருந்தாது, ஏனென்றால் அதில் பாரம் இல்லை. குடித்தவன் தள்ளாடுவதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் உண்டு. கரடி, பாரவண்டி, போர் டாங்கி, பெருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும் மனிதர் ஆகியோருக்கு உரியது இது. கடகடக்கும் ஓசையோடு நகர்வது என்ற பொருளும் உண்டு. மனிதருக்குச் சொன்னால் அதில் சற்று ஏளனம் தொனிக்கும்.

உங்கள் 'ஆடி அசைந்து' பிசகுவது இந்த இடத்தில்தான். தமிழில் கனத்த நடை பழிப்புக்குரியதல்ல. தேர் ஆடி அசைந்து வருகிறது என்றால் நாம் கைகூப்புகிறோம். பெண்ணின் நடைக்குப் பெண்யானையின் நடையை உவமை சொன்ன மொழி இது. வில்லை எடுக்க எழுந்த இராமனைச் சிங்கமும் காளையும் மேரு மலையும் யானையும் நாண நடக்கவைத்தார் கம்பர். ஆங்கிலேயர் கண்ணுக்கு யானை 'லம்பர்' செய்கிறது. நம் கண்ணுக்கு அது கம்பீரமாக வருகிறது. ஆகவே உங்கள் வாக்கியத்தில் பாவப்பட்ட அந்த லாரிக்குத் தேரின் மரியாதை கிடைத்துவிட்டது, அது தகாத மரியாதை.

புளியரை எஸ் வளைவில் ஒரு நாள் காலை நின்று பாருங்கள். எம்-சாண்ட் ஏற்றிய லாரி முதல் கியரில் வந்து வளைவில் திணறும்போது கிளீனர் பையன் கையில் கட்டையோடு கீழே குதித்துப் பின்சக்கரத்தை ஒட்டியே நடப்பான். வண்டி ஒரு சாண் பின்வாங்கினால் டயருக்கு அடியில் கட்டையைத் தள்ளுவான். பக்கத்து டீக்கடையில் நிற்பவர் அதைப் பார்த்து, "முக்கிக்கிட்டு ஏறுது" என்பார். உங்களுக்கு வேண்டிய சொல் அந்த டீக்கடையில் இருக்கிறது.

இன்னொன்று, 'லம்பர்ட் அப்' என்பதில் ஏறுகிற வேலையை 'அப்' பார்த்துக்கொள்கிறது, எப்படி ஏறியது என்பதை வினை சொல்கிறது. தமிழில் இது தலைகீழ்: 'ஏறியது' முற்றாக நின்று திசையைச் சொல்லும், விதத்தை எச்சமோ இரட்டைக்கிளவியோ சுமக்கும். ஆங்கில வினைக்கு ஈடாகத் தமிழிலும் ஒற்றை வினையைத் தேடியலைய வேண்டியதில்லை. 'லாரி முக்கி முனகிக்கொண்டு மலை ஏறியது' என்று எழுதலாம். பேச்சு வாடை கூடியிருந்தாலும் குறையில்லை என்றால் 'தக்கிமுக்கி ஏறியது' எனலாம். இரண்டிலும் பாரமும் மந்தமும் இருக்கின்றன, தேர் இல்லை. சமதளத்தில் போகும் வண்டிக்கு இவை சரிப்படா. அங்கே 'லொடலொடவென்று உருண்டு போனது' போதும். அதே கதையில் கரடி ஏதும் வந்தால் 'பொத்துப்பொத்தென்று அடிவைத்து வந்தது' என்று நான் எழுதுவேன்.

பிள்ளைகளிடம் விட்டும் பாருங்கள். நாள்தோறும் அந்த லாரிகளுக்குப் பின்னால் பேருந்தில் காத்திருக்கும் பிள்ளைகள், என்னைவிட நல்ல சொல் வைத்திருக்கக்கூடும்.

அந்த லாரியில் இருந்த பாரம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை அது மரமாகவே இருந்துவிட்டால், 'தடி லாரி' என்பதை அடித்துவிடாதீர்கள்.