எரிமலை விளிம்பில் ஒரு காலைப்பொழுது: கோஸ்டா ரிகா செல்லும் குடும்பத்துக்கு

கேள்வி: ஜூலை மாதத்தில் எட்டு நாள் பயணமாகக் கோஸ்டா ரிகா செல்லவிருக்கிறோம். நானும் கணவரும், பத்து வயது மகனும், அறுபத்தெட்டு வயதான என் தாயாரும் செல்கிறோம். அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு. மகனுக்கோ நெருப்புக் குழம்பு ஓடுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை. எந்த எரிமலைப் பூங்காக்களைத் தேர்ந்தெடுப்பது, சீட்டு எப்படி வாங்குவது, அம்மாவை எங்கெல்லாம் அழைத்துச் செல்லலாம்?

பதில்: மகனிடம் இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுங்கள், அங்கே போய் ஏமாறுவதைவிட அது நல்லது. கோஸ்டா ரிகாவில் நெருப்புக் குழம்பு ஓடுவதை நீங்கள் பார்க்கப் போவதில்லை. இரவில் செந்தணல் உருண்டு வரும் அரேனல் எரிமலையின் படங்கள் பயண விளம்பரங்களில் இன்னும் உலவுகின்றன. ஆனால் 1968 முதல் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்த அந்த எரிமலை 2010இல் அடங்கிவிட்டது. இன்று காணக் கிடைப்பவை வேறு: ஆவி கக்கும் பெருவாய் (எரிமலை உச்சியிலுள்ள பெரும்பள்ளம்), அமிலம் நிரம்பிய ஏரி, கொதிக்கும் சேறு, பழைய குழம்பு இறுகிக் கிடக்கும் கரும்பாறை வெளி. பத்து வயதுப் பையனுக்கு இவை குறைவான காட்சிகள் அல்ல.

அடுத்து, உங்கள் கேள்வியில் மிக முக்கியமான அம்மாவின் ஆஸ்துமா. போவாஸ் எரிமலையின் விளிம்புக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் திட்டவட்டமான ஆலோசனை. அங்கே வெளிவரும் வாயுக்களில் கந்தக டைஆக்சைடு முக்கியமானது. தீக்குச்சியை உரசியவுடன் மூக்கில் ஏறும் நெடிதான் அதன் நெடி. மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து அது அமிலமாகிறது; ஆரோக்கியமான ஒருவருக்கு லேசான தொண்டைக் கமறலோடு நின்றுவிடும் அளவே ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடப் போதுமானது. முகக்கவசம் அணிந்தால் போதாதா என்று பலர் கேட்பதுண்டு. சாதாரண முகக்கவசமும் சரி, என்95 வகையும் சரி, சாம்பல் துகளைத் தடுக்குமே தவிர வாயுவைத் தடுக்காது. அதை அணிந்துகொண்டோம் என்ற தைரியத்தில் கூடுதல் நேரம் நின்றுவிடுவதுதான் உண்மையான ஆபத்து. பூங்கா நிர்வாகமே மூச்சுக் கோளாறும் இதய நோயும் உள்ளவர்களையும் கருவுற்ற பெண்களையும் எச்சரிக்கிறது.

பூங்கா திறந்திருந்தால் மற்ற மூவரும் போவாஸுக்குத் தாராளமாகச் செல்லலாம். 2,708 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் பெருவாய் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான அகலமும் ஏறத்தாழ 300 மீட்டர் ஆழமும் கொண்டது. அடியில் இருக்கும் ஏரி உலகின் மிகக் கடுமையான அமில ஏரிகளுள் ஒன்று. சில ஆண்டுகளில் முற்றிலும் வற்றியும் போகும். வாகன நிறுத்துமிடத்திலிருந்து விளிம்பு வரை தளம் போட்ட பாதை, சில நிமிட நடைதான். ஆனால் நுழைவு எளிதல்ல. 2017 ஏப்ரலில் அது வெடித்துப் பாறைகளை வீசியதில் பார்வை மேடையே சேதமடைந்து பூங்கா மூடப்பட்டது. 2018இல் மீண்டும் திறந்தபோது கட்டாயத் தலைக்கவசம், சிறு குழுக்களாக நேரம் குறித்த அனுமதி, வாயு அளவிடும் கருவிகள் என்ற புதிய ஏற்பாடுகள் வந்தன. 2025இல் மறுபடியும் வெடிப்புகளால் மூட நேர்ந்தது.

இத்தனை கெடுபிடி ஏன் என்று தெரிந்துகொண்டால், வாசலில் திருப்பி அனுப்பப்பட்டாலும் உங்களுக்குக் கோபம் வராது. போவாஸில் பெரும்பாலும் நிகழ்வது நீராவி வெடிப்பு. ஏரி நீரும் மழை நீரும் கசிந்து இறங்கி, சுட்டெரிக்கும் பாறையைத் தொட்டதும் ஒரே கணத்தில் ஆவியாகி விரிந்து, மேலே கிடக்கும் கல்லையும் சேற்றையும் தூக்கி எறிகிறது. ஆழத்திலிருந்து குழம்பு மேலேறி வரும்போது நிலநடுக்கங்கள், நிலம் உப்புதல் போன்ற முன்னறிகுறிகள் பெரும்பாலும் கிடைக்கும். நீராவி வெடிப்பிலோ அவை சில நிமிடங்களுக்கு முன்புதான் தெரியலாம், தெரியாமலும் போகலாம். 2019 டிசம்பரில் நியூசிலாந்தின் வாகாரி தீவில் 22 உயிர்களைப் பறித்தது இந்த வகை வெடிப்புதான். எனவே காவலர் ‘வெளியேறுங்கள்’ என்று சொன்னால் இன்னொரு படம் எடுத்துக்கொள்ள நிற்காமல் அப்போதே நடக்க வேண்டும்.

நுழைவுச்சீட்டைத் தேசியப் பாதுகாப்புப் பகுதிகள் அமைப்பான சினாக்கின் இணையதளத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். போவாஸில் வாசலில் சீட்டு விற்பதில்லை. பதிவு செய்யும்போது ஒவ்வொருவரின் கடவுச்சீட்டு எண்ணையும் கேட்பார்கள். அதே கடவுச்சீட்டை நுழைவாயிலிலும் காட்ட வேண்டியிருக்கும். இந்தப் பெரிய எரிமலைப் பூங்காக்களில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்குச் சில ஆண்டுகளாக இருந்துவந்த கட்டணம் 15 டாலரும் அதன்மேல் 13 சதவீத வரியும்; சிறுவர்களுக்குக் குறைவு. பணம் செலுத்தும் முன் நடப்புக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சீட்டில் நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். மேகம் அதைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று வெயில் ஏற ஏற மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. முற்பகல் பாதியிலேயே விளிம்பு வெள்ளைத் திரைக்குள் மறைந்துவிடுவது வழக்கம். அதற்குப் பிறகு நீங்கள் பார்ப்பது கம்பிவேலியை மட்டுமே. ஆகவே நாளின் முதல் அனுமதி நேரத்தைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு எப்படியும் விடியலுக்கு முன்பே விழிப்பு வந்துவிடும் என்பதால், வந்திறங்கிய மறுநாள் காலையையே இதற்கு ஒதுக்குவது நல்லது. சான் ஹோசேயின் விமான நிலையம் இருக்கும் அலஹுவேலாவில் தங்கினால் அங்கிருந்து மலை ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவுதான்.

அடுத்த நாளை இராசூவுக்கென வைத்துக்கொள்ளுங்கள். 3,432 மீட்டர் உயரமுள்ள இது நாட்டின் மிக உயர்ந்த எரிமலை. 1963 மார்ச்சில், அமெரிக்க அதிபர் கென்னடி சான் ஹோசேக்கு வந்திருந்த அதே மாதத்தில் வெடிக்கத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தலைநகரின் கூரைகளில் சாம்பலைக் கொட்டியது. இப்போது அமைதியாக இருக்கிறது. போவாஸைப் போல வாயு மண்டும் தொல்லை இல்லை. பெருவாய் வரை நடையும் குறைவு. அம்மாவையும் அழைத்துச் செல்லலாமா என்றால், என் பதில் ‘மருத்துவர் சம்மதித்தால் செல்லலாம்’ என்பதே. சுமார் 1,170 மீட்டர் உயரத்திலிருக்கும் சான் ஹோசேயிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரம் ஏறுவதால் தலைவலியும் மேல்மூச்சும் வரலாம். அதிகாலைக் குளிர்காற்றே சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு இழுப்பைத் தூண்டிவிடும். வெப்ப மண்டல நாடுதானே என்று பருத்தி உடையோடு மேலேறுபவர்கள் அங்கே நடுங்குகிறார்கள். ஆளுக்கொரு கம்பளி உடையும் காற்றுப் புகாத மேலங்கியும் அவசியம். குளிர்ந்தாலும் வெயில் சுடும் என்பதால் தொப்பியை மறக்க வேண்டாம்.

ஜூலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பசிபிக் பக்கச் சரிவுகளில் மழைக்காலத்தின் நடுவே சற்று ஓய்வு கிடைக்கும் காலம் இது. ‘சின்னக் கோடை’ என்னும் பொருளில் வெரானியோ என்பார்கள். கரீபியன் காற்றை எதிர்கொள்ளும் பக்கத்திலோ இதே மாதத்தில் மழை வலுக்கும். அரேனல் அந்தக் காற்றின் பாதையில் இருப்பதால் அதன் கூம்பு முழுவதாகத் தெரியாமலே இரண்டு நாள் போகலாம். அதன் அருகிலுள்ள ஊரான லா ஃபோர்த்துனாவில் மூன்று இரவு தங்கினால் ஒரு காலையாவது திரை விலக வாய்ப்புண்டு. மலைமீது ஏற அனுமதி இல்லை. ஆனால் 1992ஆம் ஆண்டின் குழம்பு இறுகிய கரும்பாறைகள் வரை பாதை செல்கிறது. 1968 ஜூலை 29 அன்று, பல நூற்றாண்டு உறக்கம் கலைந்து வெடித்து, அடிவாரக் குடியிருப்புகளை அழித்து எண்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மலை இதுதான். அதன் சூட்டை வாங்கிவரும் வெந்நீர் ஓடைகளில் அம்மா கால் நனைத்துக் கொண்டிருக்கலாம்.

மகனுக்கென்று ஓர் இடம் வேண்டுமானால் வடமேற்கே லிபேரியா நகருக்கு அருகிலுள்ள ரின்கோன் தெ லா வியேஹா பூங்காவின் லாஸ் பைலாஸ் பகுதியைச் சொல்வேன். பைலா என்றால் கொப்பரை. பெயர் பொய்யில்லை: சாம்பல் நிறச் சேறு அடுப்பில் கொதிக்கும் கூழைப் போல மெல்ல உப்பி, ‘பொளக்’ என்று உடைந்து, தெறித்த துளி விளிம்பிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. சுமார் மூன்று கிலோமீட்டர் சுற்றுப்பாதை. பாதைக்கு வெளியே மண் கெட்டியாகத் தெரிந்தாலும் மேலோடு மெல்லியதாக இருக்கலாம், அதன் அடியில் கொதிநீர். பையனின் கையை அங்கே விட வேண்டாம். சிகரப் பெருவாய்க்குச் செல்லும் பாதை வெடிப்புகள் காரணமாகப் பல ஆண்டுகளாக மூடியிருக்கிறது. இரகசியமாக அழைத்துச் செல்வதாக யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். லாஸ் பைலாஸ் வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். இதைக் கவனிக்காமல் வந்து வாசலோடு திரும்புபவர்கள் பலர். இங்கும் கந்தக ஆவி உண்டு என்பதால் அம்மா விடுதியில் இருப்பதே நல்லது.

ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய இரவு, தேசியப் பல்கலைக்கழகத்தின் எரிமலைக் கண்காணிப்பகமான ஓவ்சிகோரியின் அறிக்கையையும் சினாக்கின் அறிவிப்பையும் பாருங்கள். ஓவ்சிகோரியின் நேரடிப் படக்கருவிகள் விடியற்காலையில் விளிம்பு தெளிவாக இருக்கிறதா என்பதையும் காட்டும். அம்மாவின் இன்ஹேலர் எந்த நாளிலும் காரிலோ பெட்டியிலோ தங்கிவிடாமல், அவர் தோளில் மாட்டியிருக்கும் பையிலேயே இருக்கட்டும்.