பாய்மரப் படகில் ஏழு நாள், நடுவில் மூன்று காலை டைவ்: பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் கேள்வி பதில்

கரீபியனில் இருக்கும் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளுக்குப் பாய்மரப் படகில் நான்கு முறை போயிருக்கிறேன். இரண்டு முறை படகை ஓட்டினேன், இரண்டு முறை சமையல் என் பொறுப்பு. நான்கு முறையும் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் இறங்கி டைவ் செய்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, நாங்கள் எட்டுப் பேர். ஏழு நாளுக்குக் கட்டமரன், அதாவது இரட்டை உடல் பாய்மரப் படகு, பேசியிருக்கிறோம். நாலு பேரிடம் டைவ் சான்றிதழ் இருக்கிறது. மற்ற நாலு பேருக்குக் கடல் முழங்கால் வரைதான். டைவ் கடை தேடி ஒவ்வொரு தீவிலும் இறங்க வேண்டுமா?

வேண்டாம், கடையே உங்களைத் தேடி வரும். அங்கே இதற்கு 'ரான்டேவூ டைவிங்' என்று பெயர். நீங்கள் எந்த விரிகுடாவில் இரவு தங்கினீர்களோ அங்கே காலையில் அவர்களுடைய டைவ் படகு வந்து நிற்கும். சிலிண்டர், மூச்சு விட ரெகுலேட்டர், கீழே இறங்க எடைக்கு ஈயப் பட்டை எல்லாம் அதிலேயே இருக்கும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு போய், இரண்டு டைவ் முடித்து, மதியத்துக்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த நேரத்தில் மற்ற நாலு பேர் தோசை சுடலாம், தூங்கலாம்.

பேச வேண்டியதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மின்னஞ்சலில் பேசிவிடுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூட்டம் அதிகம். ஒவ்வொருவரின் சான்றிதழ் நிலை, கடைசியாக டைவ் செய்த மாதம், உயரம், எடை, காலணி அளவு, படகின் பெயர், எந்த நாள் எந்த விரிகுடா, இத்தனையும் எழுதுங்கள். முந்தின நாள் மாலை படகு ரேடியோவில் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். 16ஆம் சானலில் கூப்பிட்டு, அவர்கள் சொல்லும் வேறு சானலுக்கு மாறிப் பேச வேண்டும். 16இலேயே கதை பேசினால் திட்டு விழும்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். ஏழு நாளில் மூன்று காலைக்கு மேல் டைவுக்குக் கொடுக்காதீர்கள். டைவ் செய்யாதவர்களும் அந்தப் படகுக்குக் காசு கொடுத்தவர்கள்தான். நாலாவது நாளே முகம் தூக்க ஆரம்பிப்பார்கள், நியாயம்தான்.

எந்த நாளில் எங்கே என்று ஒரு வரிசை சொல்லுங்களேன்.

டோர்டோலா தீவின் ரோட் டவுனில் படகு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் மாலை நார்மன் தீவின் பைட் விரிகுடாவுக்குப் போய்விடுங்கள். மறுநாள் காலை அருகிலேயே இண்டியன்ஸ் இருக்கிறது. கடலுக்கு மேலே தலை நீட்டும் நாலு பாறைகள், ஆழம் 15 மீட்டர் வாக்கில்தான். நாள் கழித்துத் தண்ணீரில் இறங்குபவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. டைவ் செய்யாதவர்கள் நார்மன் தீவின் குகைகளில் ஸ்நார்க்கெல் என்ற மூச்சுக் குழாய் போட்டு மிதக்கலாம். அன்று மாலை கூப்பர் தீவு. மூன்றாம் நாள் காலை பக்கத்தில் சால்ட் தீவு, அங்கேதான் மூழ்கிக் கிடக்கும் ரோன் கப்பல். நாலாம் நாள் டைவ் இல்லாமல் வர்ஜின் கோர்டா தீவின் பாத்ஸ், வீடு வீடாகக் கிடக்கும் கருங்கல் பாறைகளுக்கு நடுவே கடல்நீர்க் குளங்கள். அது எல்லோருக்கும் பொதுவான நாள். ஐந்தாம் நாள் காலை டாக்ஸ் என்ற குட்டித் தீவுகள், அல்லது கோடியாக் குவீன். பிறகு அனெகடா தீவுக்குப் போக ஆசையிருந்தால் ஆறாம் நாள். ஏழாம் நாள் திரும்பும் பயணம்.

கோடியாக் குவீன் பற்றி ஒரு வார்த்தை. 1941இல் பேர்ல் ஹார்பர் தாக்குதலில் தப்பிய அமெரிக்கக் கடற்படையின் எரிபொருள் கப்பல் அது. 2017 ஏப்ரலில் வேண்டுமென்றே மூழ்கடித்துச் செயற்கைப் பவளத்திட்டு ஆக்கினார்கள். 

ரோன் கப்பலை எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி என்ன அதில்? என்னிடம் ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலைச் சான்றிதழ் மட்டும்தான்.

ஆர்.எம்.எஸ். ரோன், இங்கிலாந்தின் தபால் கப்பல். 1867 அக்டோபர் 29 அன்று பீட்டர் தீவருகே நங்கூரமிட்டு நின்றபோது சூறாவளியில் சிக்கியது. புயலின் கண் கடந்த இடைவெளியில், நல்ல நேரம் என்று நினைத்து ஆழ்கடலுக்குத் தப்பிக்கக் கிளம்பினார்கள். நங்கூரம் பாறையில் மாட்டி, சங்கிலியோடு போயிற்று. சால்ட் தீவின் முனையைத் தாண்டுவதற்குள் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்பி அடித்தது. பாறையில் மோதி, சூடான கொதிகலனில் குளிர்ந்த கடல்நீர் புகுந்து வெடித்து, கப்பல் இரண்டாக உடைந்தது. 120க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரை ஒதுங்கிய சிலரைச் சால்ட் தீவிலேயே புதைத்தார்கள்.

முன்பாதி சுமார் 24 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. பின்பாதி ஆழம் குறைவு, புரொப்பெல்லரை அங்கே பார்க்கலாம். ஆகவே முதல் டைவ் முன்பாதி, இரண்டாவது டைவ் பின்பாதி. ஓப்பன் வாட்டரின் வரம்பு 18 மீட்டர். அதனால் நீங்கள் பின்பாதியை மட்டும் நிதானமாகப் பாருங்கள், ஒன்றும் குறைவில்லை. தொட்டால் ராசி என்று டைவர்கள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பித்தளை ஜன்னல் வளையம் ஒன்றும் அந்தப் பக்கம்தான். முன்பாதியும் வேண்டுமென்றால் அட்வான்ஸ்டு என்ற அடுத்த நிலையை முடித்துவிட்டு வாருங்கள். அங்கே போய் 'கொஞ்சம்தானே' என்று வழிகாட்டியிடம் கெஞ்ச வேண்டாம்.

வழிகாட்டி எதற்கு? சிலிண்டரை வாடகைக்கு எடுத்து எங்கள் படகிலிருந்தே இறங்கினால் காசு மிச்சம்தானே?

மிச்சம்தான். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். மூன்று பேர் கீழே போனோம், ஒருவர் மேலே. நீரோட்டம் எங்களை மெல்லத் தள்ளியது கீழே இருந்தவரை தெரியவில்லை. மேலே வந்து பார்த்தால் படகு எங்கேயோ நிற்கிறது. மேலே இருந்த தோழிக்கோ டிங்கி என்ற குட்டிப் படகின் எஞ்சினை எப்படிக் கிளப்புவது என்றே தெரியாது. கயிற்றை இழுத்து இழுத்துக் கை கொப்பளித்து, இருபது நிமிடம் கழித்து வந்து சேர்ந்தாள். கோபம் அவள் மேல் இல்லை, சொல்லிக் கொடுக்காதது என் தப்பு.

அதையும் மீறிப் போவதென்றால், மேலே இருப்பவருக்கு டிங்கி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரில் நீங்கள் இருக்கும் இடம் படகுக்குத் தெரிய, ஊதினால் நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சுக் குழாய் ஆளுக்கொன்று வேண்டும். சிலிண்டரை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பாய் விரிக்காதீர்கள், உருண்டால் கால் விரல் போகும். படகைக் கட்டத் தேசியப் பூங்கா போட்டிருக்கும் மிதவைகளைப் பயன்படுத்த அனுமதிச் சீட்டும் எடுத்திருக்க வேண்டும்.

மிதவைகளில் கலர் கலராக இருக்கிறதாமே?

ஆமாம். தேசியப் பூங்கா போட்டிருக்கும் மிதவைகளில் சிவப்பு, டைவ் செய்யாதவர்கள் பகலில் கட்ட. மஞ்சள், தொழில்முறை டைவ் படகுகளுக்கு. வெள்ளை, உங்களைப் போல் சொந்தமாக டைவ் செய்பவர்களுக்கு: முதலில் வந்தவருக்கு முதலில், 90 நிமிடம்தான். நீலம் டிங்கிக்கு மட்டும். இரவு தங்க எதிலும் கூடாது. ரோன் இருக்கும் இடத்தில் நங்கூரம் போடவே தடை.

என் கணவருக்குச் சான்றிதழ் இல்லை. விடுமுறையிலேயே கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும், ஆனால் அங்கே உட்கார்ந்து பாடம் படிப்பது பாவம். பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் ஊரிலேயே முடித்து, சிபாரிசுக் கடிதத்தோடு வந்தால் அங்கே கடலில் நாலு டைவ் மட்டும்தான் மிச்சம். எந்தக் கடை அந்தக் கடிதத்தை ஏற்கும் என்று முன்பே கேளுங்கள். அவ்வளவு வேண்டாம், ருசி பார்த்தால் போதும் என்றால் பயிற்சியாளர் கூடவே இருந்து 12 மீட்டருக்குள் கூட்டிப்போகும் அறிமுக டைவ் இருக்கிறது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுப் பிரச்சினை ஏதாவது இருந்தால் படிவத்தில் மறைக்காமல், டாக்டர் கையெழுத்தை இங்கிருந்தே வாங்கி வரச் சொல்லுங்கள். கடற்கரையில் கையெழுத்துப் போட டாக்டர் கிடைக்கமாட்டார்.

பையனுக்குப் பத்து வயது.

அறிமுக டைவுக்குப் பத்து போதும். அவனுக்கே ஆசையா, உங்களுக்கு ஆசையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் காலையிலும் ஒரு டைவ் போட்டுவிட்டு மாலை விமானம் ஏறலாமா?

கூடாது. பல நாள், பல டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும். ஒரே ஒரு டைவ் என்றால் 12. நான் முழுதாக ஒரு நாள் விடுவேன். தீவுக்குத் தீவு பறக்கும் சின்ன விமானமும் விமானம்தான். பக்கத்து அமெரிக்கத் தீவான செயின்ட் தாமஸுக்குப் படகில் போவதில் பிரச்சினை இல்லை, ஆனால் அங்கிருந்து ஏறும் விமானத்துக்கு அதே கணக்கு. மேலே கொடுத்த வரிசையில் ஐந்தாம் நாளோடு டைவை முடித்தது இதற்காகத்தான்.

எனக்குக் குமட்டல் வரும், அக்கா.

எனக்கும். மாத்திரையை முந்தின இரவே போடுங்கள். தூக்கம் வருகிறதா என்று ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள், தூங்கி வழிந்துகொண்டு டைவ் செய்யக் கூடாது. பையில் இஞ்சி மரப்பா வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இறங்கியதும் பாதி சரியாகிவிடும், படுத்துவதெல்லாம் மேலே படகு ஆடுவதுதான். முந்தின இரவு ரம் வேண்டாம்.

எந்த மாதம் நல்லது?

சூறாவளிப் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. டிசம்பர், ஜனவரியில் கிழக்குக் காற்று வலுக்கும், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நீண்ட அலைகளும் வரும். நான் தேர்வு செய்வது ஏப்ரல் கடைசி, மே.

விசா?

புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் அல்லது செயின்ட் தாமஸ் வழியாகப் போனால் அது அமெரிக்க மண். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் அமெரிக்க விசா வேண்டும், மாறிப் போவதற்கும்கூட. ஆன்டிகுவா வழியும் இருக்கிறது.

டைவ் செய்யும்போது இரண்டு லாப்ஸ்டர் பிடித்துக்கொள்ளலாமா?

கூடாது. வெளியூர்க்காரர்கள் பிடிப்பது சட்டவிரோதம். அனெகடா போனால் கடற்கரையிலேயே சுட்டுத் தருவார்கள். ஆனால் மதியமே எத்தனை வேண்டும் என்று சொல்லிவைத்துவிடுங்கள், இருட்டிய பிறகு போய் நின்றால் கோழிதான்.